நூறு சதவீதச் சேமிப்பு

மதுரையில் காளவாசல் சிக்னலைத் தாண்டியதும் கட்டில் மெத்தைக் கடை ஒன்று வரும். அதன் மூன்றாம் மாடியில் இருந்தது, வேளாண் விசைக் கருவிகள் மின்மயமாக்கம் மற்றும் ஆற்றல் சேமிப்பு ஊக்குவிப்பு மையம். பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பில் தொடங்கி, 'மின்மயமாக்கம்' வரைக்கும் வந்து, மூலையில் திரும்பிச் சந்துக்குள் போய் முடிந்தது. சாலையில் போகிறவர்களுக்கு முதல் பாதி தெரியும். சந்தில் இருக்கும் தையல்காரருக்கு அடுத்த பாதி தெரியும். முழுவதையும் படித்தவர்கள் உள்ளே வேலை பார்த்த பதினேழு பேர் மட்டுமே. ஜனங்கள் சுருக்கமாக 'கரண்டு ஆபீஸ்' என்றார்கள். வீட்டில் கரண்டு போனால் நேராக இங்கே ஏறி வந்து சண்டை போட்டார்கள்.

அங்கே தொழில்நுட்ப உதவியாளராக இருந்தவர் கிளமெண்ட். வயது நாற்பத்தாறு. மனைவி ஜாய்ஸ் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். கிளமெண்டின் வேலையும் ஒருவகையில் கணக்குதான். விவசாயிகளின் டிராக்டர் போன வருடம் எத்தனை லிட்டர் டீசல் குடித்தது, இந்த வருடம் எத்தனை லிட்டர் குடித்தது என்று அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் 'சேமிப்பு' என்ற கட்டத்தில் எழுத வேண்டும்.

மையத்தின் நோக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. டிராக்டரின் பின்னால் மாட்டியிருக்கும் கலப்பையைத் தூக்கி இறக்குவது ஹைட்ராலிக். எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்வது. கலப்பையைத் தூக்காத நேரத்திலும் அதன் பம்பு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சும்மா சுற்றலுக்கும் டீசல் செலவாகும். அதைக் கழற்றிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் ஓடும் மின்மோட்டாரை வைத்தால் அந்த டீசல் மிச்சம். நல்ல கருவி செய்தால் நன்றாகவே நடக்கக்கூடிய காரியம். கிளமெண்ட் அதை மனதார நம்பினார். பின்னால் அவரை அதிகம் வாட்டியதும் அந்த நம்பிக்கைதான்.

இயக்குநர் பீமாராவ் கொள்கைப் பிடிப்புள்ளவர். கட்டடத்தின் லிப்டும் ஹைட்ராலிக்கில் இயங்குவது என்று யாரோ சொன்ன அன்றே, ஊழியர்கள் எவரும் அதில் ஏறக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். லிப்ட் உண்மையிலேயே பயன்படுத்தப்படாமல் இருக்கிறதா என்பதை நேரில் ஆய்வு செய்வதற்காக அவர் மட்டும் தினமும் காலையில் அதில் ஏறி வந்தார். மாலையில் இறங்கும்போது இன்னொரு ஆய்வு.

காலை பதினொரு மணிக்கு 'ஆற்றல் மௌனம்' உண்டு. மணி அடித்ததும் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பதினேழு பேரும் எழுந்து நின்று ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இயக்குநர் அறையின் ஏ.சி.யை மட்டும் அணைப்பதில்லை. திரும்பப் போட்டால் அதிக மின்சாரம் இழுக்கும் என்று அவர் கணக்கிட்டிருந்தார்.

ஆவணி மாதம் ஒருநாள் கிளமெண்டை அவர் கூப்பிட்டார்.

"கிளமெண்ட், திட்டம் தொடங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. இதுவரை எத்தனை டிராக்டர்களை மாற்றியிருக்கிறோம்?"

"இன்னும் ஒண்ணுகூட மாத்தலை சார்."

"ஆனால் நாற்பத்தாறு கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இருந்தாலும், ஒரு டிராக்டராவது இருந்தால் அறிக்கையில் படம் போடலாம். ஒரு நல்ல விவசாயியாகப் பிடித்து வாருங்கள்."

நல்ல விவசாயி என்றதும் கிளமெண்டுக்கு எழுமலை ஊர்க்காரர் மொக்கைச்சாமி நினைவுக்கு வந்தார். டீசல் கணக்கெடுக்கப் போன இடத்தில், ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் போட்ட டீசலைத் தேதிவாரியாக எழுதி வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். ஐம்பத்தைந்து வயது. சொந்தமாக இரண்டு ஏக்கர் மானாவாரி. ஒரு டிராக்டர். தன் நிலத்தை உழுததுபோக, சுற்றிலும் இருபத்து மூன்று குடும்பங்களின் காட்டை அவர்தான் உழுது கொடுத்து வந்தார்.

மொக்கைச்சாமி உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கிற வண்டி சார். இதப் போயி எதுக்குக் கழட்டணும்?"

"மாசம் இருபது லிட்டராவது மிச்சமாகும்ணே. செலவு பூராம் எங்களோடது."

"புரட்டாசி மழைக்கு உழவு ஓட்டணும். இருபத்து மூணு வீட்டுக்காரங்க என்னையத்தான் நம்பியிருக்காங்க. இடையில நின்னுபோச்சுன்னா?"

"நிக்காது. நின்னா நான் வாரேன். என்னைய நம்புங்கண்ணே."

மொக்கைச்சாமி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆபீஸை எனக்குத் தெரியாது. ஒங்களுக்காகப் போடுறேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

டிராக்டரிலிருந்து ஹைட்ராலிக்கைக் கழற்றும் நாள் விழாவாக நடந்தது. எழுமலையில் பந்தல் போட்டார்கள். கழற்றிய பம்புக்கும், கலப்பையைத் தூக்கும் சிலிண்டருக்கும் மாலை போட்டு, 'எண்ணெய் யுகத்துக்குப் பிரியாவிடை' என்று எழுதிய துணியின் மேல் வைத்தார்கள். இயக்குநர் இருபது நிமிடம் பேசினார். பிறகு மாலையோடு அவற்றை ஜீப்பில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கழற்றியதை விவசாயியிடம் விட்டால் திரும்ப மாட்டிக்கொள்வார் என்பதால், மையமே எடுத்துப்போய் அழித்துவிட வேண்டும் என்பது விதி. டிராக்டரின் பின்னால் இப்போது ஒரு மோட்டார், அது சுற்றிக் கலப்பையைத் தூக்க ஒரு திருகுத்தண்டு, ஒரு பேட்டரிப் பெட்டி.

இரண்டு நாள் அது கலப்பையைத் தூக்கியது. மூன்றாம் நாள் நாலு விரல் உயரம் தூக்கி, உறுமி, நின்றுவிட்டது.

வரப்போரம் திரும்பும்போது கலப்பையைத் தூக்காவிட்டால் உழவே முடியாது. மொக்கைச்சாமி கிளமெண்டுக்குப் போன் செய்தார். கிளமெண்ட் ஓடினார். தண்டின் பல் தேய்ந்திருந்தது. ஐந்நூறு கிலோ தூக்க வேண்டிய இடத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலை ஏற்றி இறக்கும் தண்டை வாங்கி மாட்டியிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மாற்றுத் தண்டு கேட்டு அன்றே எழுதினார்.

அலுவலகத்தில், புகாரை விவசாயிதான் இணையத்தில் பதிய வேண்டும் என்றார்கள். கிளமெண்டே மொக்கைச்சாமியின் போனை வாங்கிப் பதிய உட்கார்ந்தார். 'தங்கள் கருவி எவ்வாறு இயங்குகிறது?' என்ற கேள்விக்கு மூன்று விடைகள் இருந்தன. நன்று, மிக நன்று, மிக மிக நன்று. மூன்றில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. கிளமெண்ட் யோசித்து, இருப்பதிலேயே மோசமான 'நன்று' என்பதைத் தொட்டார். 'தங்கள் பாராட்டுக்கு நன்றி' என்று வந்தது.

புரட்டாசி மூன்றாம் வாரம் எழுமலைப் பக்கம் நல்ல மழை. மொக்கைச்சாமி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரப்பிலும் கடப்பாரை போட்டுக் கலப்பையை நெம்பித் தூக்கி உழப் பார்த்தார். நாலாவது திருப்பத்தில் இடுப்பில் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு டிராக்டர் கொட்டகையை விட்டு நகரவில்லை. வேறு ஊர் டிராக்டர்களுக்கு அலைந்தவர்களில் ஒன்பது பேருக்கு வண்டி கிடைத்தது. பதினாலு குடும்பங்களின் காடு அந்த ஈரத்தில் விதைப்பில்லாமல் போயிற்று. மொக்கைச்சாமியின் சொந்த இரண்டு ஏக்கரும் அப்படியே.

மாதக் கடைசியில் கிளமெண்ட் டீசல் கணக்கெடுக்கப் போனார். மொக்கைச்சாமி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். மனைவி அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவார் என்று கிளமெண்ட் எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை.

"நோட்டு அந்தா இருக்கு சார். எடுத்துக்கங்க."

போன புரட்டாசியில் இருநூற்றுப் பன்னிரண்டு லிட்டர். இந்தப் புரட்டாசியில் மழைக்குப் பிறகு, ஒவ்வொரு தேதிக்கும் நேராக ஒரு கோடு. மழைக்கு முன்னால் போட்ட டீசல் டாங்கில் அளக்கும் அளவுக்குக் குறையாமல் கிடந்ததால் அதையும் கழிக்க வேண்டியிருந்தது. கிளமெண்ட் படிவத்தில் பூஜ்யம் என்று எழுதினார். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாவது மேலே இருப்பவர்கள் பதறி ஆள் அனுப்புவார்கள் என்று நினைத்தார்.

மறுநாள் இயக்குநர் அவரைத் தன் அறைக்கு அழைத்து, நாற்காலியிலிருந்து எழுந்து கைகொடுத்தார்.

"நூறு சதவீதம், கிளமெண்ட்! ஜெர்மனியில்கூட முப்பதைத் தாண்டவில்லை. நாம் நூறைத் தொட்டுவிட்டோம்!"

"சார், வண்டி ஓடலை சார். ரிப்பேர். அதான் டீசல் ஆகலை."

"காரணங்களை ஆராய்வது பல்கலைக்கழகத்தின் வேலை. நம்முடைய படிவத்தில் காரணம் என்று கட்டம் இருக்கிறதா?"

"இல்லை சார்."

"பிறகு?"

ஐப்பசியில் தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மொக்கைச்சாமிக்குச் 'சேமிப்புச் செம்மல்' விருது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இடுப்பு நிமிராமல் வளைந்தே மேடையேறியவரைப் பார்த்து, "இந்தப் பணிவைப் பாருங்கள்!" என்றார் இயக்குநர். சால்வை போட்டு, கேடயம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைத் தாழ்த்தி வைத்தார்கள்.

மொக்கைச்சாமி எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

"ஐயாமாருக்கு வணக்கம். நான் டீசல் போடல. ஏன்னா வண்டி ஓடல. வண்டி ஓடலைன்னா உழவு இல்ல. உழவு இல்லைன்னா வெதப்பு இல்ல. அம்புட்டுத்தான் ஐயா."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். இயக்குநர் கண் கலங்கி மைக்கை வாங்கினார்.

"நாங்கள் அறுபது பக்கத்தில் எழுதியதை நான்கு வரியில் சொல்லிவிட்டார்! இதுதான் 'எழுமலை மாதிரி'. இவர் டிராக்டரை எடுக்கவே இல்லை. விதைக்காததால் உரம் இல்லை. உரம் ஏற்றிவரும் லாரிக்கு டீசல் இல்லை. அறுவடை இல்லை, அறுவடை இயந்திரத்துக்கும் டீசல் இல்லை. ஒரு மோட்டாரில் தொடங்கிய சேமிப்பு எங்கே போய் நிற்கிறது பாருங்கள்! மாவட்டம் முழுவதும் எல்லா விவசாயிகளும் இவரைப்போல் மாறும் நாளை நான் கனவு காண்கிறேன்."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கிளமெண்டும் கைதட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமலிருக்க அவரால் முடியவில்லை. தட்டி முடித்தபோது, மேடையிலிருந்து மொக்கைச்சாமி தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. ஜாய்ஸ் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பூஜ்யம்னு நீங்க எழுதுனது உண்மைதான?"

"உண்மைதான்."

"பொய் எழுதலை, கை நீட்டிக் காசு வாங்கலை. அப்புறம் என்ன?"

"ஜாய்ஸ், என்னைய நம்புங்கன்னு சொல்லி வாங்குன கையெழுத்து அது."

அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

'எழுமலை மாதிரி'யை இன்னும் முப்பத்தொன்பது டிராக்டர்களுக்கு விரிவாக்கும்படி ஆணை வந்தது. பொறுப்பு அதிகாரி கிளமெண்ட். "தண்டு தாங்காது சார்" என்று அவர் சொன்னார். இது மேம்படுத்தப்பட்ட வகை என்றார் இயக்குநர். என்ன மேம்பாடு என்று கேட்டபோது, இதில் பேட்டரியே கிடையாது, அதனால் சார்ஜ் ஏற்றும் மின்சாரமும் மிச்சம் என்றார்.

இந்த இடத்தில் கிளமெண்ட் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. மகள் ஷெரின் கல்லூரியில் சேர்ந்திருந்தாள், வேலை போனால் என்ன செய்வது என்றெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவை உண்மையான காரணங்கள்தாம். ஆனால் நேராக நின்று முடியாது என்று சொல்ல அவருக்குப் பழக்கமில்லை என்பது இன்னும் உண்மையான காரணம். உசிலம்பட்டி, கள்ளிக்குடி, அழகர்கோவில் பக்கம் என்று மூன்று வாரம் அலைந்து முப்பத்தொன்பது கையெழுத்து வாங்கினார். செய்தித்தாளில் மொக்கைச்சாமியின் படம் வந்திருந்ததால் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. அழகர்கோவிலைத் தாண்டி ஒரு ஊரில் சிவபாண்டி என்ற இளைஞர் மட்டும், "போன வருசந்தான் சார் வண்டியே வாங்குனேன்" என்று தயங்கினார். "நான் இருக்கேன்ல தம்பி" என்றார் கிளமெண்ட்.

முப்பத்தொன்பது டிராக்டர்களும் நின்றன.

கழற்றிக் கொண்டுவந்த நாற்பது ஜோடி பம்பும் சிலிண்டரும் மெத்தைக் கடைக்குப் பின்னால், சந்தில் இருந்த மையத்தின் ஸ்டோரில் குவிந்து கிடந்தன. அழிக்க வேண்டும். இரும்பை நசுக்கும் இயந்திரம் மதுரையில் இருக்கிறது. ஆனால் அது ஹைட்ராலிக்கில் இயங்குவது என்பதால் இயக்குநர் தொடவிடவில்லை. மின்சாரத்தில் நசுக்கும் இயந்திரத்துக்கு டெண்டர் விட்டார்கள், ஒருவரும் வரவில்லை. ஆண்டறிக்கைக்கு நாள் நெருங்கியது. அதனால் மூவர் குழு போட்டு, 'நாற்பதும் எங்கள் கண்முன் அழிக்கப்பட்டன' என்று சான்று எழுதினார்கள். மூன்றாவது கையெழுத்து கிளமெண்டுடையது.

கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானம் மகபூப்பாளையத்தில் இருக்கும் சிஹாபுதீனின் பட்டறைக்குப் போனார். சிஹாபுதீன் ஹைட்ராலிக் மெக்கானிக். பள்ளியில் கிளமெண்டோடு ஒரே பெஞ்சில் இருந்தவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"மாப்ள, அந்தாளோட சிலிண்டரு ஸ்டோர்லதான கெடக்கு?"

"கெடக்கு."

"எடுத்துட்டு வா. நான் மாட்டித் தாரேன்."

"அது திருட்டுடா."

"அவரு பொருள அவருகிட்ட குடுக்குறது திருட்டா? அப்ப நீங்க செஞ்சதுக்கு என்னா பேரு?"

மறுநாள் பதினொரு மணிக்கு ஆற்றல் மௌனத்துக்கான மணி அடித்தது. பதினாறு பேர் கண்ணை மூடினார்கள். கிளமெண்ட் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினார். ஸ்டோர் கீப்பர் பாண்டியராஜன் வாசலில் நின்று, விதிப்படி கண்ணை மூடியிருந்தார். மொக்கைச்சாமியின் சிலிண்டரில் காய்ந்த மாலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. முப்பது கிலோ இருக்கும். அதையும் பம்பையும் சந்தில் நின்ற சிஹாபுதீனின் ஆட்டோவில் ஏற்றினார். திரும்பி ஏறி வந்து, மூச்சு வாங்க, தன் இடத்தில் நின்று கண்ணை மூடினார். நெஞ்சு அடித்துக்கொண்டது பக்கத்து மேஜைக்காரருக்கே கேட்டிருக்கும். ஆற்றல் மௌனத்தில் பேசக் கூடாது என்பதால் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுமலையில் சிஹாபுதீன் அதை மாட்டிக் கொடுத்தார். கலப்பை மேலே எழுந்தது. மொக்கைச்சாமி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"கார்த்திகை அடைமழை இன்னும் விடல. காய்கறி, பயறுன்னு எதாச்சும் போட்டுக்கிறலாம்" என்றார். சிஹாபுதீனுக்குக் கைகொடுத்தார். கிளமெண்டைப் பார்த்து, "சாப்பிட்டுப் போங்க சார்" என்றார். முன்புபோல் "ஒங்களுக்காக" என்று எதுவும் சொல்லவில்லை.

அந்த மாதம் படிவத்தில் கிளமெண்ட் ஐம்பத்தெட்டு லிட்டர் என்று எழுதினார்.

அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. விருது பெற்ற டிராக்டர் டீசல் குடித்திருக்கிறது! விசாரணைக் குழு அமைத்தார்கள். கிளமெண்டுக்கு அதில் ஒருவித நிம்மதி இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

"டிராக்டர் எப்படி ஓடியது?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஹைட்ராலிக்கைத் திரும்ப மாட்டினோம் சார்."

"எந்த ஹைட்ராலிக்?"

"அவரோடதுதான். ஸ்டோர்லருந்து நான்தான் எடுத்தேன். திருடினேன்னே வச்சுக்கங்க. என்ன தண்டனைன்னாலும் ஏத்துக்கிறேன்."

இயக்குநர் ஒரு கோப்பைப் புரட்டி அவர் முன் வைத்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"நாற்பதும் உங்கள் கண்முன் அழிக்கப்பட்டன என்று இருக்கிறது. அழிந்த பொருளை எப்படித் திருட முடியும்?"

"அது பொய்ச் சான்று சார். எல்லாம் ஸ்டோர்ல அப்படியே கெடக்கு. வந்து பாருங்க."

"அரசுக்கு அனுப்பிய சான்றைப் பொய் என்கிறீர்கள். ஸ்டோர் பதிவேட்டில் இருப்பு பூஜ்யம். இல்லாத பொருளைப் போய்ப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை. கிளமெண்ட், செய்யாத குற்றத்தைச் செய்ததாகச் சொல்வது அலுவலகத்தை ஏமாற்றுவது. உங்கள் பழைய சேவையைக் கருதி இந்த ஒருமுறை மன்னிக்கிறேன். இனிமேல் இப்படிக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள்."

குழுவின் அறிக்கை மாலையே தயாரானது. எழுமலையில் வெயில் அதிகம் என்பதால் ஐம்பத்தெட்டு லிட்டர் டீசல் ஆவியாகியிருக்கும் என்று முடிவு செய்திருந்தார்கள். சேமிப்பு நூறு சதவீதமாகவே நீடித்தது.

கிளமெண்ட் படியிறங்கிக் கீழே வந்தார். தண்டனை கிடைத்திருந்தால் அன்று தூங்கியிருப்பார். சந்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஸ்டோருக்குள் போனார்.

"பாண்டியராஜா, மிச்சம் முப்பத்தொன்பது ஜோடியும் எடுக்கணும். கேட் பாஸ் வேணுமா?"

பாண்டியராஜன் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். "பொருளு இருந்தாத்தானண்ணே பாஸு. இங்கதான் ஒண்ணுமே இல்லையே. நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. எலித் தொல்லையாச்சும் கொறையும்."

சிஹாபுதீன் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து அவரே ஓட்டினார். பட்டப்பகலில் முப்பத்தொன்பதையும் ஏற்றினார்கள். மாடிப்படியில் நின்று பார்த்த இயக்குநர், எதையும் பார்க்காதவர்போல் லிப்டை ஆய்வு செய்யப் போனார்.

கிளமெண்ட் ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். முப்பத்தொன்பது ஊரும் எளிதாக முடியவில்லை. உசிலம்பட்டியில் ஒருவர் சட்டையைப் பிடித்தார், சிஹாபுதீன்தான் விலக்கிவிட்டார். கள்ளிக்குடியில் ஒருவர் ஏற்கெனவே பழைய ஹைட்ராலிக் வாங்கி மாட்டியிருந்தார். "இத என்னா செய்ய, கொழம்பு வைக்கவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சிலர் சந்தோஷப்பட்டார்கள். சிலர் மழை முடிந்த வானத்தைக் காட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கிளமெண்ட், "தப்பு என்னோடதுதான்" என்றார். முதலில் அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இருபது வீட்டுக்குப் பிறகு சுலபமாக வந்தது. சுலபமாக வருகிறதே என்று அவருக்குப் பயமாக இருந்தது.

கடைசியாக மிஞ்சியது சிவபாண்டியின் சிலிண்டர். அழகர்கோவிலைத் தாண்டி அவர் ஊருக்குள் வண்டி நுழைந்தபோது மணி பதினொன்று இருக்கும். கொட்டகையில் டிராக்டர் இல்லை. டயர்த்தடம் மட்டும் காய்ந்து கிடந்தது. சிவபாண்டியின் மனைவி ஆர்த்திகா, இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள்.

"அவரு இல்லையே சார். திருப்பூருக்குப் போயிட்டாரு. பனியன் கம்பெனியில வேல."

"வண்டி?"

"வித்தாச்சு. சும்மா நிக்கிறதப் பாத்துப் பாத்து அவருக்குக் கிறுக்குப் புடிக்கிற மாதிரி ஆயிருச்சு. வந்த வெலைக்குக் குடுத்துட்டாரு."

சிஹாபுதீன் இறக்கிக்கொண்டிருந்த சிலிண்டரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கிளமெண்ட் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தார். முப்பத்தெட்டு வீட்டில் சொன்ன வார்த்தைகள் வரவில்லை.

"உள்ள வாங்க சார், வெயில்ல நிக்கிறீங்க" என்று அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "இது எங்க வண்டியில இருந்ததா?"

"ஆமாம்மா. நான்தான் வாங்கிட்டுப் போனேன்."

"தெரியும் சார். நீங்க வந்தன்னைக்கு நாந்தான் டீ போட்டுக் குடுத்தேன்." பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"வண்டிய வாங்குனவரு மேலூர்ப் பக்கம் சார். வயசானவரு. கலப்பையத் தூக்க மாட்டேங்குதுன்னு போன வாரங்கூட போன் அடிச்சாரு. நாங்க என்னத்தச் சொல்ல? இத அவருகிட்ட கொண்டுபோயி மாட்டிக் குடுத்துருங்க. பாவம், அவராச்சும் உழட்டும்."

ஒரு சீட்டில் அந்தப் பெரியவரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். கிளமெண்ட் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சொம்பிலிருந்த தண்ணீரைக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தால் அவள் வருத்தப்படுவாள் என்பதற்காக முழுவதையும் குடித்தார்.

வண்டியில் ஏறியதும் சிஹாபுதீன் கேட்டார்.

"மாப்ள, பட்டியல்ல இதான கடைசி? முடிஞ்சதுன்னு அடிச்சிரலாமா?"

"அடிக்காத" என்றார் கிளமெண்ட். "மேலூருக்கு விடு."